கல்யாணத்துக்குக் கார் தராததற்குக் காரணம்



பழைய காரின் முன் சக்கரம் எதைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறதோ, அந்தப் பாகத்தைக் கழற்றிக் கண்ணால் பார்க்காதவரை அந்தக் காரில் யாரையும் ஏற்றக் கூடாது என்பது என் கட்சி. போன மாதம் அண்ணன் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெரால்டைத் தரமாட்டேன் என்று சொன்னது இதனால்தான். குடும்ப குரூப்பில் "அத்தைக்கு மனுஷங்களைவிட கார்தான் முக்கியம்" என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். கோபம் இல்லை. ஆனால் விஷயம் என்னவென்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சின்னப் பிள்ளைகள் பலருக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் தெரியாது. வண்டலூர் என்றால் உங்களுக்கு மிருகக்காட்சி சாலைதான் ஞாபகம் வரும். எங்கள் காலத்தில் அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கார் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டைத்தான் இங்கே அந்தப் பெயரில் செய்தார்கள். உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். நாலு கதவு வைத்த ஹெரால்டு நம் நாட்டில் மட்டும்தான் வந்தது. அப்பா விட்டுப்போனது அந்த நாலு கதவு வண்டி. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். இன்றைய கார்களில் பல அந்த இடத்தில் இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்கும்.

அப்படித் திரும்புவதற்குச் சக்கரம் நிறைய சுழல வேண்டும். அந்தச் சுழற்சி நடக்கும் இடம்தான் கவனிக்க வேண்டியது. முன் சக்கரத்தைத் தாங்க ஒரு எஃகுத் தூண் இருக்கிறது. வெர்டிகல் லிங்க் என்பார்கள். மேலே அது ஒரு பால் ஜாயின்டில் மாட்டியிருக்கும். கீழ்முனையில் திருகுமரை. அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைக்கு டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தூண் அந்த மரைக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஏழாம் வகுப்பில் எளிய இயந்திரங்கள் பாடத்தில் திருகு நடத்தினேனே, அதேதான். சாதாரணமாகத் திருகு என்பது இறுக்கிவிட்டு மறந்துவிடும் பொருள். இங்கே அது ஆயுள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கிறது.

இதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, ஆயில். கெட்டியான 90 நம்பர் கியர் ஆயில். கம்பெனி புத்தகத்திலேயே இது இருக்கிறது. ஆனால் பட்டறைகளில் கன்னை எடுத்து எல்லா மூட்டிலும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். நம் வண்டியிலும் வருஷக்கணக்கில் அதுதான் நடந்திருக்கிறது. எந்தப் பட்டறை என்று சொல்லப் போவதில்லை. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளானால் காய்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். பிறகு ஆயில் ஊற்றினாலும் போகாது. மேலேயிருந்து மழைத் தண்ணீர் மட்டும் இறங்கும். வெண்கலம் தேய்ந்தால் சக்கரம் ஆடும், அதோடு சரி. எஃகுத் தூண் துருப்பிடித்தால் மரை தொடங்கும் இடத்தில் விரிசல் விட்டு ஒருநாள் ஒடிந்துவிடும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடிந்து விழும். வண்டி நிறுத்தத் திருப்பும்போது ஒடிந்தால் கடவுள் புண்ணியம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒடிந்தால்?

நம் வண்டியில் ஸ்டியரிங் கனத்துப்போயிருந்தது. வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வரவேண்டியது வரவில்லை. இந்த நிலையில் மாப்பிள்ளையையும் நாலு சிறுசுகளையும் ஏற்றி, பூ அலங்காரம் பண்ணி அனுப்பச் சொன்னீர்கள்.

டிரன்னியனும் தூணும் கோவென்ட்ரியில் வேலை பார்க்கும் என் மாணவி ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். டிரையம்ப் ஹெரால்டு பிறந்த ஊரே அதுதான். லோட்டஸ் எலானிலும் டிரையம்பின் இந்தத் தூணும் டிரன்னியனும்தான் என்பதால் அங்கே இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். புதுப்பேட்டையிலும் ஒரு பழைய தூண் கிடைத்தது. மரையில் குழி குழியாக இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட பாகத்தில் "இதை வைத்து ஓட்டிக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

போன வாரம் வலது பக்கத்தை வீட்டு வாசலிலேயே பிரித்தோம். பக்கத்து வீட்டுத் தம்பி கனமானதைத் தூக்கினான். கீழ் போல்ட், அதைச் சுற்றியுள்ள குழாயோடு சேர்ந்து துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டு நாள் துரு இளக்கும் எண்ணெய் விட்டும் அசையவில்லை, கடைசியில் ரம்பத்தால் அறுத்தோம். கட்டையைத் திருகி எடுத்தால் உள்ளே கிரீஸ் பழைய மெழுகுவர்த்தி மாதிரி இறுகிக் கிடக்கிறது. அடி மரை வறண்டு கிடக்கிறது. துடைத்துப் பார்த்தால் தூணின் மேல் மரையில் பழுப்புத் துரு. விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் இல்லை என்று ஆகிவிடாது. தூணையும் மாற்றிவிட்டோம்.

"டீச்சர், இந்த வயசுல ஏன் இதெல்லாம், என்கிட்ட விடக் கூடாதா" என்று பட்டறை வைத்திருக்கும் ஒரு மாணவன் போன் பண்ணினான். அவன் சொன்னதில் பாதி நியாயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கிறவர்களை அவன் பார்த்திருக்கிறான். நாங்கள் பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் தொட்டோம். ஸ்டப் ஆக்ஸிலைப் பழைய தூணிலிருந்து எடுக்க பிரஸ் வேண்டும். அதை லேத் பட்டறைக்கு அனுப்பினேன். சக்கர அலைன்மென்டும் கடையில்தான் பார்க்க வேண்டும், நூல் கட்டிப் பார்க்கிற வேலை எனக்குத் திருப்தியில்லை.

மீதிப் பாதியில் அவனோடு எனக்கு உடன்பாடில்லை. அவன் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவன் கைக்கு ஹெரால்டு எத்தனை வந்திருக்கும்? எனக்கு இருப்பது ஒரே வண்டி, ஒரே புத்தகம். மூன்று முறை படித்துவிட்டு ஸ்பேனரை எடுக்க எனக்கு நேரம் இருக்கிறது. வாசலில் ஐந்து வண்டி நிற்கும்போது அவனுக்கு அந்த நேரம் கிடைக்காது. பால் ஜாயின்டைப் பிரிக்க, மேலே நட்டில் அடிப்பார்கள். மரை நசுங்கிவிடும். வளையத்தின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் தட்டினால் தானாக விட்டுக்கொடுக்கும். அவசரம் இல்லாதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள்.

இன்னொன்று. பழைய கார் கண்காட்சிகளுக்குப் போகிறேன். பெயின்டில் முகம் பார்க்கலாம், குரோமியம் கண்ணைப் பறிக்கும். "டிரன்னியனுக்கு எப்போது ஆயில் விட்டீர்கள்" என்று கேட்டால், பெரும்பாலும் டிரைவரைக் கேட்கச் சொல்கிறார்கள். இந்தப் பெருமை எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களில் யார் வீட்டிலாவது ஹெரால்டு நின்றால், முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் டிரன்னியனோ மேல் பால் ஜாயின்டோ. ஆட்டமே இல்லாவிட்டாலும் கடைசியாக எப்போது கழற்றினார்கள் என்று தெரியாத வண்டியென்றால் கழற்றிப் பாருங்கள். துரு ஆட்டத்தில் தெரியாது. புதுக் கட்டையைக் கடைசிவரை திருகி இறுக்கியபடி விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பின்னால் திருப்பி, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகு போல்ட்டை மாட்டுங்கள். கழற்றிய நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு இடது பக்கம் பிரிக்கிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் பழைய துணி போட்டுக்கொண்டு வரலாம், இட்லி உண்டு. இடது பக்கத்துக்கு மரை தலைகீழ். வலது பக்கம் பழகிய கையோடு வந்து ஸ்பேனரில் பைப் மாட்டி இழுத்துவிடாதீர்கள்.