சுற்றிலும் கடல்... எங்கே போய்விடுவாள்?

இரண்டு வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்ததைப் படித்தேன். வயசுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சொகுசுக் கப்பலில் சுற்றுலா போவது பணத்துக்குப் பிடித்த கேடு. அதுகள் செல்போனைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. கப்பலில் கெட்டுப் போகத்தான் வழி இருக்கிறது என்று பொரிந்து தள்ளியிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை நானும் அனுபவித்தவள்தான். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மே மாத விடுமுறையில் நாங்கள் நாலு பேரும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் கப்பலில் மூன்று இரவு இருந்துவிட்டு வந்தோம். மகள் அப்போதுதான் பிளஸ் ஒன் முடித்திருந்தாள், 16 வயது. மகனுக்கு 14. இரண்டு வருடமாகக் கட்டி வந்த சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. "இந்தக் காசுக்குப் பொண்ணுக்கு ரெண்டு வளையல் எடுத்துப் போட்டிருக்கலாம்" என்றார் என் மாமியார். அவர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் என் கணவர், "இன்னும் ஒரு வருஷத்துல இது ஹாஸ்டலுக்குப் போயிடும். அப்புறம் நாம நாலு பேரும் ஒரே ரூம்ல படுக்கிறது எப்போ?" என்றார். அந்த வார்த்தையில்தான் நான் கரைந்து போனேன்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருப்பதால் அலைச்சல் இல்லை. ஆனால் ஒரே ரூமில் நாலு பேர் என்பது இருக்கிறதே... அப்பப்பா! நாங்கள் எடுத்தது உள்பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா ராத்திரியா என்றே தெரியாது. கீழே இரண்டு படுக்கை, மேலே ரயில் பெர்த் மாதிரி இரண்டு. குளியலறையில் திரும்பினால் முழங்கை இடிக்கும். இரண்டு பெரிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு புடவை மாற்ற, மற்ற மூன்று பேரையும் வெளியே அனுப்ப வேண்டும். போகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டு போங்கள்.

செல்போன் விஷயத்தில் மட்டும் நான் உஷாராக இருந்தேன். கப்பலில் இன்டர்நெட் தனிக் காசு. ஒவ்வொரு போனுக்கும் தனித் தனியாகக் கட்ட வேண்டும். "வாங்கப் போவதில்லை" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டேன். ஏறியதும் நாலு போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டோம். அப்படிச் செய்யாவிட்டால் நடுக்கடலில் கப்பலின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு பில் தாறுமாறாக ஏறிவிடும். முதல் ராத்திரி இரண்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன. மறுநாள் சீட்டுக்கட்டு வெளியே வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலமே மகன் காணாமல் போய்விட்டான். கப்பலில் ஆளுக்கொரு அட்டை தருகிறார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் அடையாளச் சீட்டு, அதுதான் பர்ஸ். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பையன் கிளம்பிவிட்டான். பெரிய கப்பல்களில் டீன்-ஏஜ் பிள்ளைகளுக்கென்றே ஒரு கூடம் வைத்திருக்கிறார்கள். அங்கே போனான், பந்து விளையாடினான், மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் ஓடினான். நாங்கள் கேட்கவே இல்லை. ஆம்பளைப் பையன்தானே!

மகளை மட்டும் நான் கூடவே வைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிடப் போனால் என்னோடு, ஆட்டம் பாட்டம் பார்க்கப் போனால் என்னோடு. அந்தக் கூடத்துக்கு அவளும் போகலாம் என்று கப்பல்காரர்களே சொன்னார்கள். "யார் யாரோ வருவாங்க, வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். ஒன்பதரை மணிக்கு மகன் கையில் ஐஸ்க்ரீமோடு அறைக்குள் வந்து, "மேல செம காத்துக்கா!" என்றான். அவ்வளவுதான், இவள் வெடித்துவிட்டாள்.

"அவன் என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். எங்கே போனான்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கலை. நான் பாத்ரூம் போனாக்கூட வெளியே நிக்கிறே."

"நீ பொம்பளப் பிள்ளைடி. ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான ஜனம்..."

"சுத்தி கடல்ம்மா! நான் எங்கே போயிடப் போறேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். (பெண்களுக்குள் சண்டை வந்தால் எல்லா வீட்டு ஆண்களும் இப்படித்தானோ?) அந்த ஜன்னல் இல்லாத இருட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எதற்குத்தான் பயப்படுகிறேன் என்று யோசித்தேன். ஊரில் அவள் எட்டு மணிக்கு மேல் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது விபத்தோ திருடனோ இல்லை. எதிர்வீட்டு ஜன்னல்தான். "உங்க பொண்ணு இப்பத்தான் வந்தாப்ல இருக்கே" என்று மறுநாள் காலையில் கேட்கும் குரல்தான். கப்பலில் எதிர்வீடு இல்லை. எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அப்படியும் நான் அதே பயத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து கூடவே வைத்திருந்தேன்.

நிஜமான பயம் இல்லையா என்றால், இருக்கிறது. கப்பல் ஒன்றும் கோயில் பிராகாரம் இல்லை. குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், சூதாட்டக் கூடம் இருக்கிறது, நல்லவரும் கெட்டவரும் கலந்துதான் இருக்கிறார்கள். கம்பியில் ஏறி நின்று போட்டோ எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்து எனக்கு அடிவயிறு கலங்கியது. ஆனால் இந்த ஆபத்தெல்லாம் பையனுக்கும் உண்டுதானே? அவனிடம் நான் ஒன்றுமே சொல்லி அனுப்பவில்லையே!

காலையில் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். யாருடைய அறைக்குள்ளும் போகக் கூடாது, யாரையும் நம் அறைக்குக் கூட்டி வரக் கூடாது. திறந்த டம்ளரில் யார் எதைக் கொடுத்தாலும் குடிக்கக் கூடாது. கம்பியில் ஏறக் கூடாது. ராத்திரி பத்தரைக்கு அறையில் இருக்க வேண்டும். எங்கே போகிறோம் என்று மேஜை மேலிருக்கும் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே சட்டம். "நேத்து வரைக்கும் எனக்கு எந்தச் சட்டமும் இல்லையே" என்று மகன் முறைத்தான். அக்கா சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கே டிக்கெட் காசு சரியாகப் போயிற்று. வரவேற்பு மேஜையில் சொல்லி, அவர்கள் அட்டையில் எதுவும் வாங்க முடியாதபடி செய்துகொண்டேன். அதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று. கப்பல் புறப்படும் முன் ஆபத்துக் கால ஒத்திகை வைக்கிறார்கள். பிள்ளைகள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு நிற்கும். விடாதீர்கள். 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான் உயிர்க் காப்புக்கான சர்வதேச விதிகளே வந்தன. அப்புறமும் 2012-ல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கன்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்கப்புறம்தான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். பிள்ளைகளைத் தனியாக விடுவதென்றால், மணி அடித்தால் எந்த இடத்துக்கு ஓட வேண்டும் என்பது அவர்களுக்குத் தூக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டும். என் மகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் மறந்து போயிற்று!

அன்று பிற்பகல் பினாங்கு. கப்பல் நிற்கும் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம்தான். குயின் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. மல்லிகைப் பூ வாசமும் கடைப் பாட்டும் சேர்ந்து திருச்சி பெரிய கடை வீதிக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. எங்களுக்கு அங்கே ஒரு சொந்த வேலையும் இருந்தது. என் அப்பா 1962-ல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, பினாங்கில் தன் மாமாவின் மளிகைக் கடைக்கு வேலைக்கு வந்தவர். ரஜுலாவை எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1926-லிருந்து 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்த கப்பல். அதற்குப் பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985-ல் அது தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் போயிற்று. அப்பா வந்தது டெக் டிக்கெட்டில். அறையெல்லாம் கிடையாது, பாயும் பெட்டியுமாகத் தளத்தில் படுத்துக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாராம்.

கடை இருந்த தெருவைத் தேடினோம். கடை அங்கே இல்லை என்று தெரியும். தெருவையாவது பார்க்கலாமே என்றுதான். அங்கே ஒரு காப்பிக் கடையில் இன்டர்நெட் கிடைத்ததும் மகள் நாகையில் இருக்கும் தாத்தாவுக்கு வீடியோவில் பேசினாள். அவர் தெருவைப் பார்க்கவில்லை. "கப்பல் ஆடிச்சா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டார். "ஆடவே இல்ல தாத்தா. நீங்க வந்தப்போ உங்களுக்கு என்ன வயசு?" என்றாள் இவள்.

"பதினேழு."

"கூட யார் வந்தா?"

"யாரும் இல்ல. ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார், அவரும் மூணாம் நாள் படுத்துட்டார்."

மகள் போனைத் திருப்பாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் காப்பியைப் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரிதான் நடந்தது. கப்பல் பினாங்கை விட்டுக் கிளம்பிவிட்டது. பத்தரைக்கு மகன் வந்துவிட்டான், மகள் வரவில்லை. பத்தே முக்காலும் ஆயிற்று. போன் பண்ணவும் வழியில்லை. நான்தானே வேண்டாம் என்றவள்! தாளில் "மேல்தளம், பின்பக்கம்" என்று எழுதியிருந்தாள். இவர் "வந்துடுவா, இரு" என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் வரவில்லை என்று படியேறினேன். ஆறு மாடி! நீச்சல் குளத்தைச் சுற்றி ஒரே பாட்டும் கூச்சலும். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். என்னென்னவோ தோன்றியது. இங்கே எழுத முடியாது.

பின்பக்கம் வெளிச்சம் குறைவான ஓர் இடத்தில், ஒரு சாய்வு நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் நின்ற நிலையைப் பார்த்துப் பதறி எழுந்தாள். "மணி பார்க்கலைம்மா, சாரிம்மா."

"இங்கே என்னடி பண்றே?"

"சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."

கோபம் தலைக்கு ஏறியிருந்தது, அறைந்துவிடலாம் போல. ஆனால் அந்த "சும்மாதான்" என்னைத் தடுத்துவிட்டது. எனக்கு 44 வயதாகிறது. ராத்திரி நேரத்தில், வீட்டுக்கு வெளியே, ஒரு வேலையும் இல்லாமல், கூட யாரும் இல்லாமல் நான் எப்போதாவது சும்மா உட்கார்ந்திருக்கிறேனா? யோசித்துப் பார்த்தால் ஒரு நாள்கூட இல்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மலாக்கா ஜலசந்தி கப்பல்கள் விடாமல் போய் வரும் வழி. இருட்டில் தூரத்தில் வரிசையாக விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தாளாம், பதினேழு வரைக்கும் எண்ணிவிட்டாளாம். நானும் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றரை ஆகிவிட்டது. இவர் எங்கள் இரண்டு பேரையும் தேடிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார்!

நேரம் தவறியதற்குத் தண்டனை கொடுக்காமல் விடவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்கே அறைக்கு வந்தாக வேண்டும் என்றேன். வந்துவிட்டாள். அன்று முழுக்கக் கடல்தான். அந்தக் கூடத்துக்குப் போய், ஊட்டியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணைச் சிநேகம் பிடித்துக்கொண்டு வந்தாள். பையன் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் ஒருவரிடம் கதை கேட்டுக்கொண்டு வந்தான். அவர் எட்டு மாதமாக ஊருக்குப் போகவில்லையாம், வந்தால் குழந்தைக்கு அடையாளம் தெரியாதாம். அன்றைக்குச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அது எத்தனை நாளைக்கு என்பது வேறு விஷயம்.

அந்தச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். நாள் பூராவும் பக்கத்திலேயே இழுத்து வைத்திருந்தபோது என் மகளும் பார்க்கவில்லை. விட்ட பிறகு அவளாகவே வந்து, அங்கே என்ன பார்த்தேன், யார் என்ன சொன்னார்கள் என்று வாய் ஓயாமல் பேசினாள். கெட்டுப் போகும் என்றீர்கள். நாலு சுவருக்குள் பூட்டி வைத்திருந்தாலும் போனுக்குள் எதெல்லாம் வருகிறது என்று நமக்குத் தெரியாதா? ஒருபுறம் கண்காணிக்க ஆட்கள், இன்னொரு புறம் நாம், சுற்றிலும் கடல். பிள்ளையைத் தனியாக விட்டுப் பழக இதைவிடத் தோதான இடம் எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைக்குப் பழக்கம் என்பதைவிட, பெற்றவளுக்குப் பழக்கம்.

ஊர் திரும்பியதும் சிக்கல் ஆரம்பித்தது. திருச்சித் தெரு கப்பல் தளம் இல்லை. அது எனக்குத் தெரியும். எதிர்வீட்டு ஜன்னலும் அப்படியே இருக்கிறது. இருந்தாலும் டியூஷனுக்கு இப்போது அவளே டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். எட்டரைக்கு வருகிறாள். பையனுக்கும் எட்டரைதான் கெடு. "காலம் கெட்டுக் கிடக்கு, பொண்ணை அவுத்து விட்டிருக்கா" என்று மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, "வர்ற வழியில எனக்கு வெத்தலை வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

அடுத்த மாதம் மதுரையில் ஒரு வினாடி-வினாப் போட்டி. காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் வந்துவிடுகிறேன், யாரும் கூட வர வேண்டாம் என்கிறாள். இவர் சரி என்றுவிட்டார். நாகையிலிருந்து அப்பாவும் போன் பண்ணி, "அனுப்பேன்" என்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ரயில் நேரத்தை மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருச்சி