பட்டமளிப்பு மண்டபத்துக்கு எல்.இ.டி.: வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள்

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மூன்று வளாகங்களில் எதில் படித்தாலும் பட்டம் வாங்க டவுன்டவுனில் இருக்கும் கான்வகேஷன் ஹாலுக்குத்தான் வரவேண்டும். ஸ்கார்பரோ வளாகத்தில் படித்த நம்ம வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். ஜூன் மாதம் அந்த வாசலில் பட்டுச் சேலை கட்டிய அம்மாக்களைப் பார்க்கலாம். 1907-ல் திறந்த கட்டடம் அது. பாரிஸின் சோர்போன் அரங்கை மாதிரியாக வைத்து டார்லிங் அண்ட் பியர்சன் நிறுவனம் வடிவமைத்தது. வட்ட வடிவம், மேலே குவிமாடம், உள்ளே சுமார் 1,700 பேர் உட்காரலாம்.

இந்த மாதிரி பழைய அரங்குகள் எல்லாமே இன்றில்லாவிட்டால் நாளை முழுக்க எல்.இ.டி.க்குப் போயாக வேண்டும். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் கூடி, ஃப்ளோரசன்ட் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டன. ஹாலஜன் பல்பும் கடை அலமாரியிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது. எனவே மாற்றணுமா என்று விவாதிக்க ஒன்றுமில்லை. எதைப் பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை. (எலெக்ட்ரிக்கல் படிச்சுட்டு ஐ.டி.க்கு ஓடி வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். அந்தப் படிப்பு இப்போதான் உதவுது.)

எப்போதும் முதலில் காட்டப்படுவது மின்சார மிச்சம். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓர் அரங்கில் 90 வாட் விளக்கு 100 இருக்கிறது, அதை 15 வாட் எல்.இ.டி.யாக மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 7.5 கிலோவாட் மிச்சம். வருஷத்துக்கு 2,000 மணி நேரம் எரிந்தால் 15,000 யூனிட். யூனிட் 15 சென்ட் என்றால் 2,250 டாலர். இவ்வளவுதான். ஒன்டாரியோவில் சுமார் பாதி அணுமின்சாரம், அடுத்தது நீர்மின்சாரம். கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2014-லேயே மூடிவிட்டார்கள். யூனிட்டுக்கு 50 கிராம் கார்பன் என்று போட்டால் வருஷத்துக்கு முக்கால் டன் குறையும். ஒருத்தர் சென்னைக்குப் போய்வரும் விமானப் பயணமே இதைவிட அதிகம்!

இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய பல்பு வீணாக்கும் மின்சாரம் வெப்பமாகி ஹாலுக்குள்தான் இறங்குகிறது. ஜனவரியில் அந்த வெப்பம் இல்லாமல் போனால் ஹீட்டிங் கொஞ்சம் கூடுதலாக ஓடும். செயின்ட் ஜார்ஜ் வளாகத்தின் மைய நீராவி நிலையம் இயற்கை எரிவாயுவை எரிக்கிறது. அதில் பெரும்பகுதியை மின்சாரத்துக்கு மாற்றும் 'ப்ராஜெக்ட் லீப்' திட்டம்தான் உண்மையான காலநிலை வேலை. விளக்கை மாற்றிவிட்டு அதைப் பசுமைச் சாதனையாகப் போஸ்டர் அடிப்பதை நான் ரசிக்க மாட்டேன்.

அப்புறம் ஏன் மாற்றணும்? குவிமாட உயரத்தில் ஒரு பல்பு ஃபியூஸ் போனால் லிஃப்ட் வண்டியோ சாரமோ வேண்டும், ஆள் ஏற வேண்டும், அன்றைக்கு ஹாலை மூட வேண்டும். ஹாலஜன் 2,000, 3,000 மணி நேரத்தில் போய்விடும். நல்ல எல்.இ.டி. 50,000 மணி நேரம் தாங்கும். மின்கட்டணத்தைவிட இந்த மிச்சம்தான் பெரிது. ஜூன் வெயிலில் கறுப்பு கவுனோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சூடு குறையும்.

இதில் கோட்டை விடக்கூடிய இடம் நிறம். சி.ஆர்.ஐ. என்ற நிறக் காட்டல் எண் 80 இருந்தால் போதும் என்று பெரும்பாலான டெண்டரில் எழுதிவிடுவார்கள். அந்த எண்ணை எட்டு வெளிர் நிறங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அடர் சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அதற்குத் தனியாக ஆர்-9 என்று ஓர் அளவு. சி.ஆர்.ஐ. 80 என்று விற்கிற விளக்கில் ஆர்-9 பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கும். அதன் கீழே குங்குமமும் அரக்குப் பட்டும் செங்கல் நிறமாகிவிடும். தோலின் உயிர்ப்பே சிவப்பில்தான் இருக்கிறது. அது குறைந்தால் மாநிற முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். ஃபிலிம் காலத்தில் வெள்ளைக்காரப் பெண் படம் போட்ட 'ஷர்லி கார்டு'களை வைத்துத்தான் கோடாக் நிறம் சரிபார்க்கக் கொடுத்தது. கறுத்த முகங்கள் படத்தில் இருண்டு போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதே கூத்தை இப்போது விளக்கில் திரும்ப நடத்த வேண்டாம்.

கவனமாகச் செய்தால் முடியும். வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயத்தில் 2014-ல் சுமார் 7,000 எல்.இ.டி. பொருத்தினார்கள். மைக்கலாஞ்சலோவின் ஓவிய நிறமிகளை அளந்து, அதற்கு ஏற்ப ஒளியின் நிறக் கலவையை அமைத்தார்கள். ஓவியத்துக்குக் கொடுத்த மரியாதையை மேடை ஏறும் பிள்ளையின் முகத்துக்கும் கொடுக்கலாமே.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா? ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 30 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்த சமூகம் நாம். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் நம்ம கோயில்களையும் பார்ட்டி ஹால்களையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை பேனல், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. கர்ப்பக்கிரக தீபம் தெரிவதே இல்லை.

கமிட்டியில் இருப்பவர்கள் கொட்டேஷன் வாங்கும்போது இதையெல்லாம் எழுதிக் கேளுங்கள்: 3000 கெல்வினுக்கு மேல் வேண்டாம், சி.ஆர்.ஐ. 90-க்குக் குறையக் கூடாது, ஆர்-9 குறைந்தது 50. இருக்கிற டிம்மரோடு ஒத்துப்போகிறதா என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒத்துப்போகாவிட்டால் விளக்கு துடிக்கும், போன் வீடியோவில் கோடு கோடாக ஓடும். மொத்த ஆர்டர் போடும் முன் நாலே நாலு விளக்கை மாட்டி, அதன் கீழே ஓர் அரக்குப் பட்டை விரித்து, பக்கத்தில் யாரையாவது நிற்க வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள்.