அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வருமா?



மூட்டையிலிருந்து ஒரு பிடி பச்சை அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடும் பெண்பிள்ளை, ஒரத்தநாட்டுப் பக்கம் எந்தத் தெருவில் இல்லை? "அடியே, அரிசியத் திங்காத, கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டப்போவுது" என்று அம்மா சத்தம் போடுவார். அது சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி அள்ளும்.

எப்போதாவது கொறிப்பதை நான் சொல்லவில்லை. தினமும் நாக்கு அரிசி கேட்கிறது, இல்லாவிட்டால் பல்பம், திருநீறு, சுவர்ச் சுண்ணாம்பு என்று தேடுகிறது என்றால், மழையைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு ரத்தத்தைப் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பில் இப்படி ஒரு ஆசை கிளம்புவது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சத்து ஏறியதும் பெரும்பாலும் அந்த ஆசையும் தானாகவே போய்விடும்.

2019-21இல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் யார் வாயிலாவது "எனக்கு ரத்தசோகை" என்று வருகிறதா? "அலுப்பா இருக்கு", "படியேறினா மூச்சு வாங்குது", "குனிஞ்சு நிமிந்தா கண்ணை இருட்டுது" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு போகாது. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் அலுப்பைச் சொல்ல ஏது நேரம்?

ஒரத்தநாடு அரசு மருத்துவமனையிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் போதும், விஷயம் தெரிந்துவிடும். பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11க்கும், ஆண்களுக்கு 13க்கும் கீழே போனால் ரத்தசோகை.

அளவு குறைவு என்றதும் வீட்டில் என்ன நடக்கிறது? பீட்ரூட்டும் மாதுளையும் வந்து இறங்கும். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை! இரண்டும் நல்ல பண்டங்கள்தாம். ஆனால் இரும்புச்சத்து அவற்றில் சொற்பம். கறி சாப்பிடும் வீடு என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் அந்தக் காசுக்கு எவ்வளவோ மேல், அவற்றில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரை, பயறு, கேழ்வரகில் இருப்பதை அப்படி லேசில் எடுக்காது. ஒரு மூடி எலுமிச்சைச் சாறோ, ஒரு நெல்லிக்காயோ, கொய்யாவோ கூடச் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும்.

கெடுப்பது யார் தெரியுமா? டீதான். விடிந்ததும் ஒரு டீ, வயலுக்குத் தூக்குவாளியில் வரும் பதினோரு மணி டீ, சாப்பாடு முடிந்த கையோடு இன்னொன்று. டீயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டீயை விடச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை டீயில் விழுங்குகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. பள்ளியில் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று நீல நிறத்தில் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு, தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். காசில்லாமல் வரும் இந்த அட்டைகள் எத்தனை வீட்டில் சாமி மாடத்திலும் அலமாரி இடுக்கிலும் பிரிக்காமல் கிடக்கின்றன? மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்துகிறார்கள். அது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ரேஷன் அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் மாநிலம் முழுக்கச் செறிவூட்டிய அரிசி வரத் தொடங்கியது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்த அரிசி மாவை அரிசி வடிவத்திலேயே வார்த்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று சேர்க்கிறார்கள். நெல்லோடு பிறந்து வளர்ந்த நம் பெண்களின் கண்ணுக்கு அந்த ஒரு மணி தப்புமா? முறத்தில் போட்டதும் "இது நம்ம அரிசி இல்லையே" என்று பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். களையும்போது மிதந்தால் பிளாஸ்டிக் என்று தெரு முழுக்கச் சேதி போகிறது. பிளாஸ்டிக் இல்லை, அரிசி மாவுதான். அதற்காக, அந்தச் சோறு மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். குறைவு வந்தபின் மாத்திரைதான் வைத்தியம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுகிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். வெறுங்காலோடு வரப்பிலும் கொல்லையிலும் நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாக ஏறி, குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுப்பது அதனால்தான். நடுவயது ஆணுக்கு ரத்தம் குறைந்தால் சத்துக்குறைவு என்று டானிக்கோடு விடக் கூடாது. மூலமா, வயிற்றுப்புண்ணா, வேறு ஏதாவதா என்று பார்த்தே ஆக வேண்டும். எல்லா ரத்தசோகையும் இரும்பால் வருவதில்லை, பி12 குறைந்தாலும் வரும்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால், ஒழுங்காகப் போட்டும் ஏன் ஏறவில்லை என்று டாக்டரைக் கேளுங்கள், பழைய சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அளவு சரியானதும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாமல் இன்னும் மூன்று மாதம் தொடருங்கள். அடுத்த நடவுக்குத் தேவையான இருப்பு அப்போதுதான் உடம்பில் சேரும்.

அன்புடன்,
ஆசிரியர்