சம்பள நாளில் லயத்துக்கு வரும் இருமல் பொடி



என் கிளாஸில் ஒரு தம்பி சொன்னான்: "அப்பாவுக்கு ஒன்றரை மாசமா இருமல் சேர். பொடி சாப்பிடுறாரு." அடுத்த நாள் அந்தப் பொடியையே கொண்டுவந்து காட்டினான். சொப்பிங் பேக்கில் முடிந்த பழுப்புத் தூள். பெயரில்லை, திகதியில்லை, செய்தவர் யாரென்றும் இல்லை. சம்பள நாளில் லயத்துக்கு வந்த ஒருவரிடம் வாங்கியதாம்.

உடனே "சேர் நாட்டு மருந்துக்கு எதிரி" என்று கிளம்பாதீர்கள். உம்மா அவித்துத் தந்த கொத்தமல்லித் தண்ணியில் வளர்ந்தவன் நான். தாளிசாதி சூரணம் இன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. தாளிசபத்திரி, மிளகு, சுக்கு, திப்பிலி, மூங்கிலுப்பு, ஏலம், கறுவா, மிச்சம் கற்கண்டு. அந்த மிச்சம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய அளவுப்படி 48 பங்கில் 32 பங்கு கற்கண்டு! சீனி வருத்தக்காரர் அதைத் தேனில் குழைத்து மூன்று வேளை தின்றால் என்னாகும்? ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறீர்கள். அலரி விதையும் இயற்கைதான்.

2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனா பாணிக்கு ஆயிரக்கணக்கில் முண்டியடித்ததை மறந்துவிட்டோமா? அதைக் குடித்த சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது.

பெயரில்லாத பொடியில் எனக்குள்ள பெரிய பயம் ஸ்டீரொய்ட். மூலிகை என்று சொல்லி அதைக் கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. தின்றவுடன் சுகம் போலத் தெரியும். உள்ளே காசநோய் இருந்தால் அது இன்னும் பரவும். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கிற லயத்தில் ஒருவரின் இருமல் அவரோடு நிற்காது.

சூரணம் வேண்டுமென்றால் அரச ஆயுர்வேத மருந்தகத்தில், பதிவு பெற்ற வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு எந்தப் பொடியும் வேண்டாம், முதலில் சளியைச் சோதியுங்கள். இரத்தம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உடம்பு மெலிந்தாலோ இரண்டு வாரமும் காத்திருக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனை இலவசம். காசநோய் என்றாலும் மருந்து இலவசம், பெரும்பாலும் 6 மாதத்தில் குணமாகும்.

பொடிக்காரனை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் விழாது. அவன் வாசலுக்கே வருகிறான், பேரும் போகாது. சளி சோதனைக்குப் போகிறவருக்கு அன்றைய பேரைப் போடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க எத்தனை தலைவர்மாருக்கு வாய் இருக்கிறது? மேடையில் மட்டும் நல்லாக் கேட்கும் அந்தக் குரல்.

நேற்றுப் பின்னேரம் அந்தத் தம்பியின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார். பஸ் காசு தரவா என்றேன்.

"காசு இருக்கு சேர். பேருதான்..." என்று இழுத்தார். பிறகு இருமினார்.