மிடியும் மெட்டும்

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு மிடி என்றால் வறுமை. கணினி பயிலும் மாணாக்கர்க்கோ அஃது ஓர் இசைக்கோப்பின் பெயர். ஆங்கிலச் சொற்கள் நான்கின் முதலெழுத்துக்கள் கூடி 1983ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்த இப்பெயரைக் கேட்டு நாம் முதலில் நகைத்தோம். இப்பொழுது அந்நகைப்பிலும் சிறிது பொருளுண்டு என்று கருதுகின்றோம்.

மிடிக்கோப்பினுள் ஒலி இல்லை. இன்ன சுரத்தை இன்ன நேரத்தில் இன்ன அழுத்தத்தோடு தொடங்குக, இன்ன நேரத்தில் விடுக என்னும் ஏவல்களே உள்ளன. ஆதலின் ஒரு பாட்டு முழுதும் சில ஆயிரம் பைற்றுகளில் அடங்கிவிடும். அவ்வேவல்களுக்கு ஒலி கொடுப்பவை, கணினியில் வேறாக வைக்கப்பெறும் வாத்திய ஒலிமாதிரிகள்.

லினக்ஸ் கணினியின் கட்டளைத் திரையில் ரிமிடிற்றி என்னும் நிரலின் பெயரைத் தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரை எழுதி, என்ரர் விசையை அழுத்தினால் பாட்டு ஒலிக்கும். படத்தைத் தொட்டாற் பாடும் இக்காலத்தில் இவ்வுழைப்பு எதற்கு என்பாருளர். நாம் அதற்கு உடன்படோம். படத்தைத் தொடுபவன் கேட்பதோடு நிற்பான். கட்டளை எழுதுபவனோ, தான் எதனை எவ்வாறு ஒலிப்பிக்கின்றான் என்று அறிந்தாக வேண்டும். கோப்பின் பெயருக்கு முன் ஒரு சிறு கோடும் 'கே' என்னும் பெரிய எழுத்தும் ஓர் எண்ணும் இட்டால், சுருதி அத்தனை அரைச்சுரம் ஏறும் அல்லது இறங்கும். 'ரி' எழுத்தோடு நூற்றுவீதம் தந்தால் விரைவு மாறும். குரல் உடையும் பருவத்து மாணவர்க்குக் கல்லூரிக் கீதத்தை இரண்டு அரைச்சுரம் தாழ்த்தவும், கீழ்வகுப்புச் சிறுவர்க்கு மெல்லப் பழக்கவும் இஃது எத்துணை உதவும்!

இனி வறுமைக்கு வருவோம். 1991இல் வகுத்த ஜெனரல் மிடிப் பட்டியலில் வாத்தியங்கள் 128. சித்தார் உண்டு, செனாய் உண்டு, யப்பானியரின் கொட்டோவும் உண்டு. வீணையும் இல்லை, நாதசுரமும் இல்லை. இக்குறையை வேறு ஒலிமாதிரிகளை இட்டு நிரப்பலாம். கமகமே பெருந்தொல்லை. மிடியில் ஒவ்வொரு சுரமும் ஓர் எண். தோடியின் காந்தாரத்தை ஓர் எண்ணாக எழுதியவன் தோடியை எழுதினான் அல்லன். எனினும் சுருதியை வளைக்கும் ஏவலும் மிடியிலேயே உண்டு. அதன் படிகள் 16384. அதனை இடாது விட்டால் அவ்வறுமை எழுதினோனுடையதேயன்றிக் கருவியினுடையதன்று.

சென்ற தவணையில் மாணவர் இருவர் கல்லூரிக் கீதத்தை மிடியாக எழுதி மண்டபத்தில் ஒலிப்பித்தனர். சுரமும் பிழையில்லை, தாளமும் பிழையில்லை. பின்வரிசையில் இருந்த முதிய பழைய மாணவர் ஒருவர், "தம்பி, இது எங்கள் பாட்டு அல்ல" என்றார். மாணவர் முகம் வாடிற்று. எமக்கும் சற்றே சினம் வந்தது. பின்னர் அவர் பாடிக்காட்டிய இரண்டாமடியின் குழைவு, நம்மிடமுள்ள எந்தச் சுரத்தாளிலும் இல்லை! அவரைப் போன்றோர் குரலன்றி அதற்கு வேறு ஏடு இல்லையென்பது அன்றுதான் எமக்கு உறைத்தது. மூன்று மாலைப்பொழுது அவர் பாடப் பாட மாணவர் வளைவுகளை எண்ணாக்கினர். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் கட்டளையைத் தட்டி, கேட்டு, மீண்டும் திருத்தினர்.

அனுபல்லவி வரை முடிந்துள்ளது. சரணங்களைப் பழைய முறையிற் பாடவல்ல அன்பர்கள், யூபிலி விழாவுக்கு வருங்கால் ஒரு மாலை இசைக்கூடத்திற்கு எழுந்தருள்வாராக. மாணவர் கணினியோடு காத்திருப்பர்.