முழங்கால் தண்ணிக்குக் கணக்கு இல்லை

1927 மார்ச் 20. மகாட் ஊரின் சவதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த ஆயிரக்கணக்கான தீண்டப்படாத மக்களும் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அவர்களை அடித்து விரட்டியதோடு நிற்கவில்லை. குளம் தீட்டாகிப்போச்சாம். 108 குடங்களில் பால், தயிர், சாணி, மாட்டு மூத்திரம் நிரப்பி, மந்திரம் சொல்லிக் குளத்தில் அமிழ்த்தினார்கள். அதற்குப் பெயர் சுத்தம்.

அன்றைக்கு யாராவது அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்துப் பார்த்திருந்தால்? மலக் கோலிபார்ம் என்கிற கிருமிக்கு மகார் கை எது, பார்ப்பான் கை எது என்று தெரியாது. வெதுவெதுப்பான ரத்தம் ஓடுகிற உயிர்களின் குடலில் அது இருக்கும். மாட்டுக் குடலிலும் இருக்கும். தீட்டுக் கழித்த பிறகுதான் குளம் கெட்டிருக்கும்.

இதைச் சொன்னதும் "பாத்தீங்களா, விஞ்ஞானத்துக்குச் சாதி கிடையாது" என்று கைதட்டுகிற முற்போக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களோடுதான் எனக்குச் சண்டை. கிருமிக்குச் சாதி இல்லை, சரி. எந்த இடத்தில் பாட்டிலை முக்குவது, எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று உட்கார்ந்து முடிவு பண்ணுகிறானே, அவனுக்கு இருக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு, ஏரித் தண்ணீரை உபயோகத்தை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. கிருமி நீக்கம் மட்டும் செய்து குடிக்கிற தண்ணீர் முதல் வகுப்பு: 100 மில்லியில் கோலிபார்ம் 50-க்கு மேல் கூடாது. குளிக்கிற தண்ணீருக்கு 500. முறையாகச் சுத்திகரித்துக் குடிக்கிற தண்ணீருக்கு 5000. நான்காவது மீனுக்கும் காட்டுயிருக்கும். அதில் ஆக்சிஜன் உண்டு, அம்மோனியா உண்டு, கோலிபார்ம் கிடையாது. ஐந்தாவது பாசனத்துக்கு. அதில் உப்பு, சோடியம், போரான் எல்லாம் உண்டு. கோலிபார்ம் கிடையாது. (நாலாவது, ஐந்தாவது என்றாலே என்ன கதி என்று நமக்குத் தெரியாதா!)

பயிருக்குக் கெடுதல் வரக்கூடாது, மீன் சாகக்கூடாது. ரொம்ப சரி. நாத்தை நடுவது யாரு? மீனைப் பிடிப்பது யாரு? எங்கள் கடப்பாக்கம், செய்யூர் பக்கம் வந்து பாருங்கள். காலையில் கழனியில் இறங்கினால் பொழுது சாய்கிறவரை முழங்கால் தண்ணியில் குனிந்து நிற்கிறவள் சேரிப் பொம்பளை. ஏரியில் இடுப்பளவு தண்ணியில் கையால் துழாவி மீன் பிடிக்கிறவர்கள் இருளர்கள். குடிப்பது ஒரு உபயோகம், குளிப்பது ஒரு உபயோகம். நாள் முழுக்கத் தண்ணியில் நின்று வேலை செய்வது மட்டும் உபயோகம் இல்லையா?

எலிக்காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. எலி, மாடு, நாயின் மூத்திரம் வழியாகத் தண்ணீரில் கலக்கும் கிருமி. கால் வெடிப்பிலும் வெட்டுக்காயத்திலும் உள்ளே ஏறும். முற்றினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். அதிகம் வருவது கழனியில் இறங்குகிறவருக்கும் சாக்கடையில் இறங்குகிறவருக்கும்தான். கோலிபார்ம் சோதனையில் இது தெரியவே தெரியாது, தனியாகப் பார்க்க வேண்டும். சர்க்கார் விளம்பரமோ 'காய்ச்சிக் குடியுங்கள்' என்கிறது. குடிக்கிற தண்ணியைக் காய்ச்சலாம், கழனித் தண்ணியைக் காய்ச்ச முடியுமா?

பாங்கில் கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஒரு பத்தியைக் காலியாக விட்டால் சாயங்காலம் கணக்கு நேராகாது. பத்தியையே போடாமல் விட்டுவிட்டால் கணக்கு என்றைக்கும் நேராகவே இருக்கும். வாரியம் செய்திருப்பது அதுதான்.

குளிக்கிறவருக்குப் பத்தி இருப்பதால் என்ன நடந்தது? 2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாத் தண்ணீரில் மலக் கோலிபார்ம் குளியல் அளவை மீறியது என்று இதே வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொன்னது. நாடே பேசியது. ஆசமனம் செய்யவே உகந்த தண்ணீர் என்று உத்தரப்பிரதேச முதல்வர் சட்டசபையில் எழுந்து மறுத்தார். மறுப்பதற்காவது ஒரு எண் இருந்தது. நடவுக்காரிக்கு அதுவும் இல்லை.

இந்தப் பீ எங்கிருந்து வருகிறது? ஆவடியிலிருந்து சத்யா நகர்வரை கூவம்தான் நாட்டிலேயே மோசமான ஆற்றுப்பகுதி என்று வாரியத்தின் 2022 அறிக்கை சொன்னது. கழிவைத் தின்னக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பது ஒரு அளவு. குளிக்கிற தண்ணீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கூவத்தில் 345. மாடிவீட்டுக் கக்கூசும் ஓட்டலும் ஆஸ்பத்திரியும் அனுப்பியது அது. பழி விழுந்தது கரையில் குடிசை போட்டவன்மேல். அவனைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக் கொட்டினார்கள். ஆறு சுத்தமாச்சா? குழாய் அடைத்தால் உள்ளே இறங்கிச் சாகிறவனும் நம்ம ஆள்தான். 1993 முதல் சாக்கடைச் சாவுகளில் தமிழ்நாடே முதலிடம் என்று பாராளுமன்றத்தில் கொடுத்த கணக்கு சொல்கிறது. சென்னையில் சாக்கடை சுமக்கிற அதே பக்கிங்காம் கால்வாய்தான் கடப்பாக்கம் வழியாகவும் போகிறது.

சோதனையே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித்துகள் குடிக்கிற தொட்டியில் பீயைக் கலந்தார்கள். தண்ணீரைச் சோதித்தார்கள், டி.என்.ஏ.வரை போனார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை யாரைக் கைகாட்டியது? அதே தலித் மக்களில் மூன்று பேரை. பாட்டில் எவன் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் என்று சின்னதாக ஒன்று கிடைக்கும். 1982-இல் இந்திய விஞ்ஞானிகளே கண்டுபிடித்துச் சொன்ன முறை, விலையும் குறைவு. தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக்கிருமி இருக்கிறது என்று சந்தேகப்படலாம். எண்ணிக்கை சொல்லாது, அதற்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஊர்த் தெருக் குழாயில் ஒன்று பிடியுங்கள், சேரிக் குழாயில் ஒன்று, சாக்கடை சேருகிற இடத்தில் ஒன்று, நடவு நடக்கிற வாய்க்காலில் ஒன்று. தேதி, நேரம், இடம் எழுதுங்கள். அந்தத் தண்ணியில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். கலெக்டருக்கு ஒரு நகல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு நகல், இந்த இதழுக்கு ஒரு நகல்.