வண்டென்னும் ஒரு சொல் போதுமா?

தமிழ்ச் செய்யுளில் வண்டு மொய்க்காத சோலையைக் காண்டல் அரிது. ஆயின் புலவர் பாடிய வண்டு பெரும்பாலும் தேனீயும் அதன் இனமுமேயாம். சுரும்பு, ஞிமிறு, தும்பி, அளி எனத் தேனுண்பவற்றுக்குப் பல பெயர் வழங்கிய நம் மொழியில், ஓடுடைய வண்டுகளுக்குத் தனிப்பெயர்கள் மிகச் சிலவே. இக்குறையை நாமே நீக்குதல் வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்தறிதல் எளிது. தேனீயின் சிறகுகள் நான்கும் மெல்லியன. ஓட்டுவண்டுக்கோ முன்சிறகுகள் இரண்டும் தடித்துக் கவசமாகியுள்ளன. பறக்கும்போது அக்கவசத்தைத் திறந்து, உள்ளே மடித்து வைத்த பின்சிறகுகளை விரிக்கும். இக்காப்பு இருத்தலால் மண்ணிலும் மரப்பட்டையிலும் சாணத்திலும் புகுந்து வாழ அதனால் இயல்கின்றது. விஞ்ஞானிகள் இதுவரை பெயரிட்ட வண்டினங்கள் ஏறக்குறைய 4,00,000. அறியப்பட்ட விலங்கினங்களுள் நான்கில் ஒரு பங்கு இவையே.

இவற்றைக் காணக் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. வெள்ளவத்தைத் தென்னையொன்றின் ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் தோன்றுமாயின், அது காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்ததன் அடையாளம். அப்புண்ணை நாடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழுக்கள் உள்ளே குடைந்து மரத்தையே வீழ்த்தும். கொட்டாஞ்சேனைக் கடையில் அரிசி மூடைக்குள் ஊரும் நீள்மூக்குச் சிறுபூச்சியும் கூன்வண்டினமே. ஒன்றன் பெயரை அறிந்த மாணவன், மற்றொன்றன் மூக்கைக் கண்டதும் உறவு சொல்லிவிடுவான். பெயரறிவின் பயன் இதுவன்றோ?

வண்டெல்லாம் பகையென்று எண்ணற்க. செடிப்பேனை உண்டு பயிரைக் காப்பது பொறிவண்டு. 1888 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பொறிவண்டினம் ஒன்று, அழியும் நிலையிலிருந்த தோடைத் தோட்டங்களைக் காத்தது. ஆபிரிக்கச் சாணவண்டு ஒன்று, இரவில் பால்வீதியின் ஒளிகொண்டு நேர்வழி செல்கின்றது என்பதை 2013 இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மின்மினியும் வண்டினமே என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்?

இலத்தீன் பெயர் இருக்கத் தமிழ்ப்பெயர் எதற்கு எனச் சிலர் வினவுவர். இலத்தீன் பெயர் உலகத்து அறிஞர் தம்முள் உரையாட உதவும். சிறுவனைக் குனிந்து நோக்கச் செய்வது தாய்மொழிப் பெயரே. தீப்பெட்டிக்குள் இலையிட்டுப் பொன்வண்டு வளர்த்த கிராமத்துச் சிறுவரை அவ்வுயிரோடு பிணைத்ததும் அவ்வழகிய பெயரன்றோ?

வீட்டுத் தோட்டங்கள் மறைந்து மாடிமனைகள் எழும் இந்நகரில், நாம் பெயரிடுமுன்னரே சில வண்டுகள் நம் கண்ணினின்று மறைந்துவிடக்கூடும். ஆதலின் நம் கல்லூரித் தமிழ் மன்றமும் விஞ்ஞான மன்றமும் ஒன்றுகூடி, கல்லூரி வளவில் காணும் வண்டுகளைப் படத்தோடும் பெயரோடும் பட்டியலிடுக. பழைய மாணவர் தத்தம் ஊரில் வழங்கும் பெயர்களை எழுதி அனுப்புக. எங்கும் பெயரில்லாதவற்றுக்கு மாணவரே பெயர் சூட்டுக. விழா ஆண்டில் நம் மொழிக்கு நாம் அளிக்கத்தக்க காணிக்கை இதுவாகும்.